இது, இங்கே, இப்படி

மேசைமேல் அவள் வைக்கும் டேப் ரெக்கார்டர் ஒரு செங்கல் அளவு இருக்கும். பிளே பொத்தானையும் அதன் பக்கத்துச் சிவப்புப் பொத்தானையும் ஒன்றாக அழுத்திவிட்டு, கைத்தடியால் தரையைத் தட்டித் தட்டி முதல் பெஞ்சுக்குத் திரும்புவாள். அதன் பிறகுதான் நான் வாயைத் திறப்பேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மல்லேஸ்வரத்தில் ஒரு கல்லூரி. நான் பொருளாதாரம் நடத்த வந்து இரண்டாவது வருடம். என் குரலில் எனக்கே மயக்கம் இருந்த வயது. பிறவியிலேயே பார்வை இல்லாத அவள், "பாடத்தை டேப்புல புடிச்சிக்கட்டுமா சார்? பிரின்சிபால் சரின்னுட்டாரு" என்று கேட்டபோது, சலுகை அவளுக்கு, பெருமை எனக்கு என்றுதான் நினைத்தேன். என் சொற்கள் கரும்பலகையோடு அழியப் போவதில்லை. பஸ் ஏறி, கன்டோன்மென்ட் பக்கம் ஓர் ஒற்றை அறை வீடுவரை போகப் போகின்றன!

எல்லாம் அறுபது நிமிட கேசட்டுகள். முப்பதாவது நிமிடத்தில் 'டக்' என்று நிற்கும். நானும் வாக்கியத்தின் நடுவில் நிற்பேன். வகுப்பே நிற்கும். அவள் எழுந்து வந்து கேசட்டைத் திருப்பிப் போடும்வரை வெளியே புங்கமரத்து அணிலுக்கு மட்டும்தான் பேச்சுரிமை. பழைய பக்திப் பாட்டுக் கேசட்டுகளின் பதிவைத் தடுக்கும் மூலை ஓட்டையில் காகிதம் அடைத்து, பாட்டின்மேல் என்னைப் பதிவு செய்துகொண்டிருந்தாள். என் பாடம் முடிகிற இடத்தில் ஒரு துண்டு நாதஸ்வரம் எழும்பி அடங்குமாம்.

பல்கலைக்கழகத் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பு கல்லூரியிலேயே ஓர் ஒத்திகைத் தேர்வு உண்டு. அவள் சொல்லச் சொல்ல எழுத ஒரு பெண்ணை உட்கார வைத்தார்கள். எழுதுகிறவளுக்குப் பாடம் தெரிந்திருக்கக் கூடாது என்பது விதி. விடைத்தாள் திருத்த என்னிடம் வந்தது. 'விலை எவ்வாறு நிர்ணயமாகிறது? படத்துடன் விளக்குக.' யாரோ ஒருத்தியின் குண்டுக் கையெழுத்தில், ஆங்கிலத்தில், பதில் இப்படி இருந்தது: 'இந்தக் கோடு இப்படி இறங்குகிறது. அது இப்படி ஏறுகிறது. இரண்டும் இங்கே சந்திக்கின்றன. புரிந்ததா? சரி, அடுத்து.'

படம் இல்லை.

கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். ஓரத்தில் சிவப்பு மையால் 'எது?' என்று எழுதி, ஒரு பூஜ்யம் போட்டேன்.

மறுநாள் ஆசிரியர் அறைக்கு அவள் அப்பாவோடு வந்தாள். பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர், ஷிப்டு முடிந்து நீலச் சட்டையோடு நேராக வந்திருந்தார்.

"எஸ்.டி.டி. பூத்துக்கு ஃபாரம் வாங்கி வெச்சிருக்கேன் சார். கண்ணு தெரியாதவங்களுக்குக் குடுக்கறாங்க. பெரிய பரீட்சையும் போச்சுன்னா அதுல உக்கார வெச்சிடுவேன். எதுக்கு சார் சும்மா ரெண்டு பஸ்ஸு மாறி அலையணும்?"

"நைனா, கொஞ்சம் இரு. பூத்துல உக்காந்தா ஊரே பேசும், நான் கேட்டுனே இருக்கணும். அது எனக்கு வாணாம்." என் பக்கம் திரும்பினாள். "சார், பேப்பர் ஓரத்துல 'எது?'ன்னு எழுதி இருக்கீங்களாமே?"

"ஆமா."

"அதத்தான் சார் நானும் ஆறு மாசமா இந்த டேப்ப கேக்கறேன்."

கையோடு கொண்டுவந்திருந்த ரெக்கார்டரின் பொத்தானை அழுத்தினாள். என் குரல். "இந்தக் கோடு..." சுண்ணாம்புக்கட்டியின் கீச். "இப்படி இறங்குகிறது." கீச். "இரண்டும் இங்கே..." ஒரு தட்டல். பிறகு, அன்பு ஒழுக, "புரிந்ததா?" அறுபது குரல்கள் 'எஸ் சார்' என்றன.

"அதுல என் குரலும் இருக்கு சார்" என்று சிரித்தாள். "எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு, நான்தான் மக்குன்னு நெனச்சேன். சரி, மனப்பாடமாவது பண்ணுவோம்னு 'புரிஞ்சுதா' வரிக்கும் பண்ணிட்டேன்."

பள்ளியில் சுட்டெழுத்து என்று படித்திருக்கிறேன். அ, இ, உ. சுட்டுவதற்கு ஒரு விரல் வேண்டும், அந்த விரலைக் காண எதிரே ஒரு கண் வேண்டும் என்று எந்த இலக்கணமும் எனக்குச் சொன்னதில்லை. நான் நடத்தியது ஆங்கிலத்தில்தான். இருந்தாலும் அன்று சுட்டது தமிழில்.

"எப்படிச் சொல்லணும்?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரியாமல் கேட்டேன்.

"மல்லேஸ்வரத்துல இருந்துக்கினு இத கேக்கறீங்களே சார்! இங்க யாருனா 'இது, இங்க'ன்னு வழி சொல்வாங்களா? எத்தனாவது கிராஸ், எத்தனாவது மெயினு? அவ்ளோதான். நான் பஸ்ஸ விட்டு எறங்கி அப்படி எண்ணிக்கினேதான் காலேஜுக்கு வரேன்."

குறுக்கே போகும் தெருக்கள், நெடுக்கே போகும் தெருக்கள். தினமும் நான் காய்கறிப் பையோடு நடந்த ஊர் ஒரு வரைபடத் தாளாக விரிந்து கிடந்திருக்கிறது. தடுமாறித் தொடங்கினேன். "சரக்கோட அளவு, கிராஸ். விலை, மெயின். வாங்கறவன் முதல் கிராஸ், எட்டாவது மெயின்ல நிக்கறான். ஒரு கிராஸ் முன்னால போனா ஒரு மெயின் எறங்கறான். விக்கறவன் முதல் கிராஸ், ரெண்டாவது மெயின். ஒரு கிராஸ் போனா ஒரு மெயின் ஏறறான்."

அவளுடைய இரண்டு ஆள்காட்டி விரல்களும் மேசைமேல் நடந்தன, ஒன்று இறங்கி, ஒன்று ஏறி. ஒன்றையொன்று தொட்டதும் நின்றன.

"நாலாவது கிராஸ், அஞ்சாவது மெயின்" என்றாள். "ரெண்டு பேரும் மோதிக்கிறாங்க. அங்க ஒரு காபிக் கடை போட்டா நல்லா ஓடும் சார்."

அவள் அப்பா சிரித்தார். நான் சிரிக்கும் முன் அவள் அடுத்ததைக் கேட்டாள். "வாங்கறவங்க ஜாஸ்தி ஆயிட்டா? அவன் ரோடு மொத்தமா ரெண்டு கிராஸ் தள்ளிப் போவுமா?"

நான் அந்தப் பாடத்தை இன்னும் நடத்தியிருக்கவில்லை.

"போகும்."

"அப்போ அஞ்சாவது கிராஸ், ஆறாவது மெயின்."

ஒரு பழைய சுற்றறிக்கையின் பின்பக்கத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். அஞ்சாவது கிராஸ், ஆறாவது மெயின். பேனா அந்தப் புள்ளியிலேயே நின்றுவிட்டது. நான் கண்ணால் பார்த்துப் பார்த்துக் கற்றதை அவள் நடந்து போய் அடைந்துவிட்டாள், எனக்கு முன்னால். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் முதல் வகுப்பில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசப் பழகினேன். பழக்கம் விடுமா? 'இது' என்று நழுவும் ஒவ்வொரு முறையும் வகுப்பு கன்னடத்தில் கூவும்: "யாவுது சார்?" எது சார்? அந்தக் கூச்சலும் டேப்பில் பதிந்தது. கடைசி பெஞ்சில் எப்போதும் தூங்குகிற இரண்டு பேருக்குக்கூட அந்த வருடம் படம் வந்தது.

அவள் தேறினாள். பூத் விண்ணப்பத்தை அவள் அப்பா எட்டாக மடித்து, ரெக்கார்டரின் ஆடுகிற பேட்டரி மூடிக்கு அண்டை கொடுத்துச் செருகிவிட்டார். ஆனால் என் மனதில் நிற்பது தேர்வு முடிவு வந்த நாள் அல்ல, தேர்வு நடந்த நாள்.

பாடம் நடத்தியவன் என்பதால் அந்த அறைப் பக்கமே நான் போகக் கூடாது. கேட்டுக்கு வெளியே நின்றிருந்தேன். அவளுக்காக எழுதிய அறிவியல் மாணவி, இந்த முறை வேறொருத்தி, விரலெல்லாம் மையோடு முதலில் வந்தாள்.

"சார், அந்த அக்கா என்னைத் தெருத் தெருவா நடக்க வெச்சுட்டாங்க! கட்டம் போடச் சொன்னாங்க. ஒரு ரோடு எறங்கிச்சு, ஒரு ரோடு ஏறிச்சு. நாலாவது கிராஸ் அஞ்சாவது மெயின்ல புள்ளி வெச்சேன். 'ரப்பர் வாணாம், சரியா இருக்கும்'னு பார்க்காமலே சொல்றாங்க. நான் வரைஞ்சது என்ன சார்?"

விளக்குவதற்காக வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை.

அவளுக்குப் பின்னால் தரையில் தட்டி வந்த தடியின் சத்தம் நின்றது.

"சார், கைய எறக்குங்க" என்றாள் அவள். "நீங்க பேசாம நின்னீங்கன்னா கை மேல இருக்குன்னு அர்த்தம். எத்தன கேசட்டு கேட்டிருக்கேன்!"

ஆமாம். என் வலது கை காற்றில் ஒரு கோட்டைப் பாதிவரை இழுத்துவிட்டு, அங்கேயே நின்றிருந்தது.