எண்ணூர் ஊற்றில் இறங்காத கல்கௌதாரிகள்

வறண்ட நிலத்துக் கல்கௌதாரிகள் வருஷாவருஷம் குறைகின்றனவா என்று பார்க்க எங்கள் கல்லூரிப் பேராசிரியர் கேட்ட என் பள்ளிக்கால நோட்டை இன்று திறந்தேன். உப்புக்காற்று வாடை அடித்தது, கூடவே வெட்கமும் வந்தது.

எண்ணூர் மணலில் மீனவப் பெண்கள் கையால் தோண்டிய நன்னீர் ஊற்றில், வெயில் சுள்ளென்று ஏறும் காலையில் அவை கத்திக்கொண்டே கூட்டமாய் இறங்கி, நெஞ்சு இறகை நனைத்துக் குஞ்சுகளுக்குத் தண்ணீர் சுமந்து போகும். தாழம்புதருக்குப் பின்னால் குப்புறப் படுத்து எண்ணி, இந்த நோட்டில் எழுதுவேன். காற்றாடி மோகம் வந்ததும், போகாத நாளுக்கெல்லாம் போன வருஷத்து எண்ணிக்கையையே எழுதி வைத்தேன்.

ஒருநாள் பறவையே இல்லாத ஊற்றருகே உட்கார்ந்து நான் அப்படி எழுதுவதை, தண்ணீர் எடுக்கக் குடத்தோடு வந்த மீனவப் பெண் கன்னியம்மா அக்கா கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னா நைனா, வராத பட்சிக்கு இன்னாத்துக்குக் கணக்கு எழுதிகினு கீற?"

"உனக்கு இன்னாக்கா தெரியும்? நான் படிக்கிறவன்!" என்றேன்.

இப்போது ஊற்றின்மேல் ஒரு கம்பெனி மதில் நிற்கிறது. அங்கே பறவைகளை எண்ணிய நோட்டு இது ஒன்றுதான், அதுவோ அவை குறையவே இல்லை என்கிறது.

நாளைக்குப் பேராசிரியர் எதிரிலேயே பொய்ப் பக்கங்களை அடித்துவிட்டு, நேரே கன்னியம்மா அக்காவிடம் போய், அவற்றைக் கடைசியாக எப்போது பார்த்தாள் என்று கேட்கப் போகிறேன். சிரிப்பாள், சிரிக்கட்டும்.