என் கைப்பேசியில் இருக்கும் கரை

அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. அது தொலைந்துவிட்டது என்று நான் சொன்னது பொய்.

இதைத்தான் சொல்ல வந்தேன். முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். இனி நீங்கள் எழுந்து போனாலும் குற்றமில்லை. ஆனால் போகாதீர்கள்... எப்படிப்பட்டவள் இதைச் செய்தாள் என்பதையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

நான் கோயம்புத்தூர்க்காரி. வீடு போத்தனூரில். ஆர்.எஸ்.புரத்தில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை. சாலையோ ஆலையோ துறைமுகமோ, ஓரிடத்தில் பெரிதாக ஏதேனும் வரப்போகிறது என்றால், அங்கே இப்போது என்ன இருக்கிறது, யார் பிழைக்கிறார்கள் என்று நேரில் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். பார்த்ததை எழுத வேண்டும், அவ்வளவுதான்! அதைக்கூட நான் ஒழுங்காகச் செய்யவில்லை.

தெற்கே ஒரு துறைமுகத்தை விரிவாக்கப் போகிறார்கள் என்று ஒரு வேலை வந்தது. எங்கள் பக்கத்துப் பம்பும் கிரைண்டரும் பனியனும் கப்பலேறுகிற துறைமுகம்தான். சரக்கு பெருகிவிட்டது. பெட்டிகளை இறக்கி வைக்க இடமில்லாமல் லாரிகள் நாள்கணக்கில் வெளியே வரிசையில் நின்றன. என் சொந்தத் தம்பியின் பம்புகளே அந்த வரிசையில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. விரிவாக்கம் தேவை என்பதில் அன்றும் எனக்கு ஐயமில்லை, இன்றும் இல்லை. ஆகவே துறைமுகத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது.

சரக்குப்பெட்டிகளை அடுக்கும் புதிய முற்றத்துக்கு இரண்டு இடங்கள் பார்த்திருந்தார்கள். வடக்கே கைவிடப்பட்ட ஓர் உப்பளம். அதை மேடாக்க நாளாகும். தெற்கே, ஒரு மீனவக் குடியிருப்பை ஒட்டிய நீண்ட மணல்வெளி. அந்த மணலை யாரேனும் பயன்படுத்துகிறார்களா என்று நான் சொல்ல வேண்டும். பயன்படுத்துகிறார்கள் என்றால் முற்றம் உப்பளத்துக்குப் போகும். என் ஒரு வார்த்தையில் நின்றது அது!

ஆடி மாதம் போனேன். மூன்று நாள் போனேன். மூன்று நாளும் உச்சி வெயிலில். காற்று மணலை வாரி வாரி முகத்தில் அடித்தது. ஆள் இல்லை, படகு இல்லை, ஒரு நாய்கூட இல்லை. “பயன்பாட்டில் இல்லாத மணல்வெளி” என்று எழுதி வைத்தேன்.

கடலை எப்போதாவது சுற்றுலாவில் பார்க்கிற ஊரில் பிறந்தவள். கடற்கரை என்றால் எனக்குச் சுண்டலும் பட்டமும்தான். தெரியாமல் செய்த பிழை என்று இதுவரை நீங்கள் என்னை மன்னிக்கலாம்.

ஆனால்... எனக்கா தெரியாது?

காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் அப்பாவுக்குக் கொறங்காடு இருக்கிறது. மாடு மேய்வதற்கென்றே கிளுவை வேலி போட்டு விட்டுவைத்த நிலம். ஆடியில் போய்ப் பார்த்தால் செம்மண்ணும் நாலு வேலமரமும்தான் தெரியும். மழை விழுந்த பிறகு பார்க்க வேண்டும் அந்தப் புல்லை! ஒருமுறை ஓர் அலுவலர் ஆடியில் வந்து பார்த்துவிட்டு, தரிசு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அப்பா அவரைத் தேடிப்போய்க் கேட்டதை எங்கள் வீட்டில் பல வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

“ஏனுங்க, ஆடியில வந்து பாத்துப்போட்டு தரிசுன்னு எழுதிப்போட்டீங்களே! அப்ப என்ற மாடெல்லாம் காத்தைத் தின்னுபோட்டா வளருதுங்க?”

அப்படிக் கேட்டவரின் மகள்தான் ஆடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினாள். அடுத்தவர் செய்தபோது வயிறு குலுங்கச் சிரித்தவள். இதை நினைக்கும்போதெல்லாம் கூசிப்போகிறேன்.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மண் மாதிரிகளில் ஒன்று போதவில்லை என்று புரட்டாசிக் கடைசியில் மறுபடியும் போக நேர்ந்தது. அறிக்கையை இன்னும் கொடுத்திருக்கவில்லை. இம்முறை விடிந்ததும் போய் இறங்கினேன்.

கரை நிறைய ஆட்கள்!

கடலுக்குள் வலையை அரைவட்டமாக விரித்துவிட்டு ஒரு வள்ளம் திரும்பியிருந்தது. வலையின் இரு முனைக் கயிறுகளையும் இரண்டு கூட்டமாக நின்று ஆணும் பெண்ணும் கரையிலிருந்தே இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரைவலை என்றார்கள். இழுக்க இழுக்கப் பின்னால் நடந்துகொண்டே இருக்க வேண்டும். நடப்பதற்கு நீளமாய் மணல் வேண்டும். விவசாயிக்கு வயல் எப்படியோ அப்படி அவர்களுக்கு அந்த மணல். நான் யாருக்கும் வேண்டாதது என்று எழுதி வைத்திருந்த அதே மணல்...

மண் எடுக்கும் பையோடு மணலிலேயே நின்றேன். கயிற்றின் கடைசியில் இருந்த ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்தார். அறுபதை நெருங்கிய வயது. பெயர் பிலோமி என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“என்னம்மா, சும்மா நின்னு பாக்கிய? வாங்க, ஒரு கை புடிங்க.”

பிடித்தேன். பத்து எட்டு வைப்பதற்குள் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. பிலோமி அக்கா என் கையைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! “பேனா புடிக்கிற கை, இதுக்கே தோலு போயிட்டே!” என்று சொல்லி, என் கைப்பேசியைத் தானே வாங்கி, கயிற்றோடு என்னை ஒரு படம் எடுத்தார். ஆய்வுக்காக நாங்கள் வைத்திருக்கும் செயலியில் எடுத்த படம். நாளும் நேரமும் இடமும் அதன் அடியிலேயே பதிந்துவிடும். எனக்குப் பின்னால் முப்பது பேர் வலை இழுக்கிறார்கள். பக்கத்தில் துறைமுகத்துக்காக நட்ட சிவப்பு எல்லைக்கல், எண்ணோடு.

ஆடியில் ஏன் யாரையும் காணவில்லை என்று கேட்டேன்.

“கச்சான் காத்து அடிக்கயில வலை எறங்காதும்மா. காத்து நின்னுட்டா காலையில பூரா எங்க சனம் இங்கனதான் கெடக்கும்” என்றார். போகும்போது ஒரு பை நிறையச் சாளை மீன் கொடுத்தார். விடுதியில் பொரிக்கச் சொல்லித் தின்றேன். ஆமாம், தின்றேன்!

ஊர் திரும்பியதும் எங்கள் மேலாளர் கேட்டார்.

“ஏனுங்க அம்மணி, வெள்ளிக்கிழமை அறிக்கை குடுத்தாகோணும். கரையில ஏதாச்சும் மாத்தம் இருக்குதுங்களா? இருந்தாச் சொல்லிப்போடுங்க, பாத்துக்கலாம்.”

எவ்வளவு நேராகக் கேட்டார் பாருங்கள். யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் எனக்கு ஆசை காட்டவில்லை. வாயைத் திறந்து நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

“ஒண்ணும் இல்லீங்க” என்றேன்.

ஏன்? இந்த ‘ஏன்’ மூன்று ஆண்டுகளாக என்னைப் பிடுங்கித் தின்கிறது. அன்றுவரை பதினைந்து வருடத்தில் என் அறிக்கை ஒன்றுகூடத் திருத்தத்துக்குத் திரும்பி வந்ததில்லை. புதிதாகச் சேருகிறவர்களிடம் என் அறிக்கையைக் காட்டி இப்படி எழுதப் பழகுங்கள் என்பார்கள். தவறான மாதத்தில், தவறான வேளையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்று எப்படிச் சொல்வேன்? சிரிக்க மாட்டார்களா? நாங்கள் அந்த அலுவலரை நினைத்துச் சிரித்தோமே, அப்படி! அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன். அந்த அற்பக் காரணம்தான்... வேறொன்றுமில்லை.

மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் நடந்தது. காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் இருந்துகொண்டேன். கரையில் யாரும் தொழில் செய்யவில்லை என்று என் அறிக்கையை வாசித்தார்களாம். பிலோமி அக்கா எழுந்து பேசினாராம். எழுத்தில் இருப்பதுதான் நின்றது.

இன்று அங்கே முற்றம் இருக்கிறது. “அக்கா, இப்பெல்லாம் போன அன்னிக்கே லாரி உள்ள போயிருதுங்க!” என்று தம்பி மகிழ்ந்து சொல்கிறான். உப்பளத்தில் கட்டியிருந்தாலும் உள்ளே போயிருக்கும்டா என்று அவனிடம் நான் சொன்னதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை. தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. பிலோமி அக்கா! மண் மாதிரி எடுக்க வந்தவள் என்று மட்டும் சொல்லி அன்று கரையில் நான் கொடுத்த எண்ணை இத்தனை நாள் வைத்திருக்கிறார்.

கரை போன பிறகு இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போகிறாராம். தெற்கே இன்னொரு கரையைக் கரைவலைக்கு ஒதுக்கித் தருவதாக இப்போது சொல்கிறார்களாம். ஆனால் பழைய கரையில் வலை இழுத்தார்கள் என்பதற்குக் குறித்த கெடுவுக்குள் ஆதாரம் கொடுக்க வேண்டும். ஊர்ப்பிள்ளைகள் எடுத்த படங்களை எல்லாம், எந்தக் கரை, எந்த நாள் என்று தெரியவில்லை என்று தள்ளிவிட்டார்களாம்.

“எவனோ ஆபீசுல உக்காந்து எழுதிட்டாம்மா, அங்கன யாருமே இல்லன்னு. நீங்க கூட்டத்துக்கு வந்திருந்தா சொல்லியிருப்பிய. அந்தப் படம் இருக்கால்லா? நாளு, எடமெல்லாம் வரும்னு சொன்னியளே... கல்லும் தெரியும். அதை மட்டும் அனுப்புங்கம்மா.”

எவனோ! அந்த எவனோ நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

உங்களுக்குப் புரிகிறதல்லவா? அந்தப் படத்தில் நான் இருக்கிறேன். நான் அறிக்கை கொடுப்பதற்கு முந்தைய ஒரு தேதி அதில் பதிந்திருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் மறைத்தேன் என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம். வேலை போகும், பெயர் போகும். அனுப்பாவிட்டால் ஒரு ஊருக்கே கரை போகும்...

“அந்தப் போன் தண்ணியில விழுந்து கெட்டுப்போச்சுங்கக்கா. படமெல்லாம் போயிருச்சுங்க” என்றேன். அதே போனைக் காதில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன்!

அதன்பிறகு அந்தப் படத்தை எத்தனை முறை திறந்தேன் என்று கணக்கில்லை. அவர் எண்ணைத் தேடி எடுப்பேன். படத்தைத் தொடுவேன். விரலை எடுத்துவிடுவேன். நாளைக்கு, நாளைக்கு என்றே கெடு நாளும் வந்து போய்விட்டது. மேல்முறையீடு என்று ஒன்று உண்டு, படம் இருந்தால் இன்னும் வழி இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தும் இதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேனே தவிர, அவருக்கு அனுப்பவில்லை.

நேற்று மதியம் மறுபடியும் அவரே கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்ட மாட்டாரா என்று ஏங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

“கரை கெடைக்காதுன்னு சொல்லிட்டாவம்மா. அன்னைக்குப் படம் போச்சுன்னு சொல்லும்போது உங்க கொரலே ஒரு மாதிரி இருந்துச்சு, அதான் போன் பண்ணேன். தண்ணியில விழுந்ததுக்கு நீங்க என்ன செய்விய, பாவம்! மனசுல வச்சிக்கிட்டுக் கெடக்காதீங்க” என்றார். பிறகு, அந்தக் கரையில் கேட்ட அதே சிரிப்போடு கேட்டார்.

“கயிறு கிழிச்ச கை ஆறிட்டாம்மா?”

“ஆறிருச்சுங்கக்கா” என்றேன்.