கைடுகளுக்குப் பாடம் நடந்த கல்யாண மண்டபம்

ஆராய்ச்சிப் படிப்புக்காகக் கைடைத் தேடி ஊர் ஊராக அலைகிற பிள்ளைகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு பங்குனி மாத வெள்ளிக்கிழமை, திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்குத் தனியாகப் போனேன்.

வீட்டுக்காரர் பள்ளி ஆசிரியர். சுற்றுவட்டாரக் கிணறுகளின் உப்புத் தண்ணீரைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். கடைசி அத்தியாயத்தை மதுரையில் கைடிடம் கொடுத்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. திங்கட்கிழமையோடு பதிவுக் காலம் முடிகிறது. கைடு கையெழுத்து இல்லாவிட்டால் ஆறு வருட உழைப்பு வீண். பள்ளியில் பரீட்சை நேரம், அவருக்கு லீவு கிடைக்காது. ஐந்தாம் வகுப்போடு நின்று, பிறகு நானாகப் படித்துக்கொண்டவள் நான். ஆய்வேட்டுக்கு நகல் எடுத்ததும் நான்தான். அதனால் நானே கிளம்பினேன்.

கைடு அருப்புக்கோட்டையில் மூன்று நாள் பயிற்சியில் இருப்பதாகத் தபால் வந்திருந்தது. என்ன பயிற்சி? ஆராய்ச்சி மாணவர்களுக்கு எப்படி வழிகாட்டுவது என்று பேராசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களாம்! வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாமி கும்பிட்டுவிட்டு 6.40 பஸ்ஸைப் பிடித்தேன். பதினைந்து கிலோமீட்டர், ஐம்பத்தைந்து பைசா, நாற்பது நிமிடம். ஆனால் வழியில் மிளகாய் மூட்டை ஏற்ற நிறுத்திவிட்டார்கள்.

"எம்புட்டு நேரம்ப்பா நிக்கிறது?" என்றேன்.

"மூட்டைக்குக் காலு மொளச்சா சீக்கிரம் ஏறிரும்க்கா," என்றார் கண்டக்டர்.

போய்ச் சேர எட்டேகால். வெள்ளிக்கிழமை விரதம் வேறு, வயிறு காந்தியது.

பயிற்சி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். போன முகூர்த்தத்து வாழை மரம் வாசலில் வாடி நின்றது. வீட்டுக்காரரோடு மதுரையில் பார்த்திருந்ததால், கைடு என்னைப் படியிலேயே அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏம்மா, இங்கயும் வந்துட்டீங்களா? கையெழுத்துப் பாரத்தைக் கொடுங்க, போட்டுத் தாரேன்."

பேனாவைத் திறந்தும் விட்டார். நான் பாரத்தை மட்டும் நீட்டியிருக்க வேண்டும். அவரிடம் கொடுத்த பிரதியை அவர் தொலைத்திருப்பார் என்று நினைத்து (தொலைத்துத்தான் இருந்தார்) அத்தியாயத்தையும் கொண்டுபோயிருந்தேன். பையைத் திறந்ததும் கட்டு வெளியே தெரிந்தது. பயிற்சி கொடுக்க மதராஸிலிருந்து வந்திருந்தவர் கவனித்துவிட்டார்.

"அது மாணவர் எழுதினதா? நல்லதாப் போச்சு!"

ஆளுக்கொரு அத்தியாயம் கொண்டுவரச் சொல்லி முன்பே எழுதியிருந்தார்களாம். வந்த இருபது பேரில் ஒருவர்கூடக் கொண்டுவரவில்லை. கட்டை வாங்கிக் கைடு கையிலேயே கொடுத்து, எல்லார் முன்னாலும் வாசித்துக் கேள்வி கேட்கச் சொன்னார். பேனா மூடிக்கொண்டது.

அரை மணி நேரம் வாசித்தவர், ஒரு பட்டியலில் நின்றார். "எம்.ரெட்டியபட்டிக் கிணறு ஒரு எடத்துல நல்ல தண்ணி, இன்னொரு எடத்துல உப்புன்னு இருக்கே?"

கடைசி வரிசையில் இருந்த நான் எழுந்தேன். "ஒன்னு மழைக்கப்புறம் எடுத்ததுங்கய்யா. ஒன்னு சித்திரையில."

"மாசம் எங்கயும் போடலையே."

"போன வருசமே கேட்டிருந்தா போட்டிருப்பாக."

மண்டபமே சிரித்தது, அவரைத் தவிர. "மாசம் இல்லாம இது நிக்காதும்மா. இப்பக் கையெழுத்துப் போட முடியாது," என்றார்.

படிக்காமல் போட இருந்தவர், படித்ததால் மாட்டேன் என்கிறார்! முகாம் நடத்தியவர்களையும் சேர்த்து மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். விரத நாள் என்பது நினைவுக்கு வர, கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"கெணத்துத் தண்ணி எடுத்த புட்டியில சீட்டு ஒட்டுனது நாந்தாங்கய்யா. மாசமெல்லாம் வீட்டு நோட்டுல இருக்கு. வாங்க, போயிப் பாப்போம்."

"நான் வரணுமா?"

"திங்கக்கிழம கெடு. இத்தன வருசம் அவுகதான வந்தாக?"

மதராஸ்காரர் குறுக்கே வந்தார். "மதியத்தோட முகாம் முடியுது. போயிட்டு வாங்க சார்."

1.30 பஸ், இரண்டு டிக்கெட், ஒரு ரூபாய் பத்து பைசா. "இந்தக் கருவேலங்காட்டுலயா கெணறு?" என்று வழியெல்லாம் கேட்டார். ஆறு வருடமாக வழிகாட்டுகிறவர் இந்தப் பக்கத்து மண்ணைப் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. வீட்டில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். ஒரு வாயிலேயே முகம் கோணியது.

"பட்டியல்ல ஏழாம் நம்பர்க் கெணறுங்கய்யா," என்றேன்.

நாலரைக்கு வீட்டுக்காரர் வந்தார். கைடைப் பார்த்துச் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். "உக்காருங்க," என்றார் கைடு. மதுரையில் ஒரு நாளும் சொல்லாத வார்த்தை.

நோட்டை வைத்து மாதம் நிரப்பினார்கள். மூன்று கிணறுகளுக்குச் சீட்டு நனைந்து மை ஓடியிருந்தது, நோட்டிலும் மாதம் விட்டுப்போயிருந்தது. எடுத்துவிடச் சொன்னார் கைடு.

"வீரசோழன் வரைக்கும் சைக்கிள் மிதிச்சு எடுத்தது சார்."

"தெரியுதுய்யா. ஆனா எந்த மாசம்னு நமக்குத் தெரியலையே."

மூன்றையும் அடித்தார்கள். 6.15க்குக் கையெழுத்து. ஒன்றே முக்கால் மணி நேர வேலை பதினான்கு மாதம் கிடந்திருக்கிறது!

கைடை பஸ் ஏற்றிவிட்டு வந்து, "இன்னைக்குத்தான் கேள்வின்னு ஒன்னு கேட்டாக," என்று வீட்டுக்காரர் பூரித்துப்போனார். எனக்கு ஆறவில்லை. நோட்டில் விட்டது என் தப்புதான். ஆனால் அதே கேள்வியை முதல் வருடம் கேட்டிருந்தால், மறுபடி போய் எடுத்திருக்கலாமே.

போகிறவர்களுக்கு: முதல் பஸ்ஸிலேயே போங்கள். முழுப் பிரதி கையில் இருக்கட்டும். கெடு நெருங்கிக் கையெழுத்து கேட்கப் போகாதீர்கள். முதல் வருடமே, முதல் பத்துப் பக்கத்தோடு போய், வாசிக்கும்வரை எதிரிலேயே உட்காருங்கள்.

திங்கட்கிழமை ஆய்வேடு உள்ளே போனது, மூன்று கிணறு குறைவாக.