குடோனில் ஆள் இல்லாத படகு

பாய்மரப் படகில் ஏறும் விருந்தினர் செய்யக்கூடாதவை என்று பதினேழு விஷயங்களை எழுதி, தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தேன். பதினெட்டாவதாக அண்டா ஒன்று வந்து சேரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

துறைமுகத்தின் மரைன் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். கப்பலை இழுக்கும் டக், வழிகாட்டியை ஏற்றிப் போகும் பைலட் லாஞ்ச், கப்பலைக் கரையில் கட்டும் மூரிங் கேங் எல்லாவற்றுக்கும் செயல்முறை எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒன்றிரண்டை யாரோ படித்ததாகவும் கேள்வி. ஓய்வு பெற்று வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றுவதற்கு ஒரு செயல்முறை எழுதியபோது, நான் வெளியே எங்காவது வேலைக்குப் போவது நல்லது என்று குடும்பத்தில் ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. அப்படித்தான் ராயபுரத்தில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் ஜெபராஜின் முப்பத்தாறு அடிப் படகுக்கு ஸ்கிப்பர் ஆனேன். உதவிக்கு காத்திவாக்கம் தேசிங்கு. மீன்பிடித் தொழிலில் இருந்து வந்தவன். காற்றைப் பற்றி நான் படித்த அனைத்தும் அவனுக்குக் காது மடலிலேயே தெரியும். இதை அவன் அடிக்கடி நினைவூட்டுவான்.

1. அண்ணன் வருகிறார்

ஒரு தை மாதக் காலையில் ஜெபராஜ் என்னைத் தனியே அழைத்தார். ஐம்பதை நெருங்கும் மனிதர். குரல் மட்டும் பரீட்சையில் தோற்ற பிள்ளையின் குரலாக இருந்தது.

"சார், ஞாயித்துக்கெழம அண்ணன் வாராவ. போட்டைப் பாத்துட்டு, வச்சிக்கலாமா வித்துரலாமான்னு அவங்கதான் சொல்லணும். பாண்டிச்சேரியில ஒருத்தன் வாங்க ரெடியா இருக்கான்."

"உங்கள் படகுதானே?"

"கடை அண்ணன் பேர்ல இருக்கு சார். நானும் அண்ணன் பேர்லதான் இருக்கேன்."

நானும் தேசிங்கும் அந்தப் படகின் பேரில் இருந்தோம். ஆகவே மூவருக்கும் அந்த ஞாயிறு முக்கியமானது.

"இன்னொண்ணு சார். சும்மா உக்கார வச்சா அண்ணன் குறைதான் கண்டுபிடிப்பாவ. வார எல்லாருக்கும் கையில ஒரு வேலையக் குடுத்துருங்க."

என் பணிக்காலத்தில் ஒரு முதலாளி சொன்ன மிக அறிவார்ந்த யோசனை அது. அதனால்தான் நான் ஏமாந்தேன்.

2. பயிற்சி

ஐந்து பேர் வந்தார்கள். பெரிய முதலாளி தங்கராஜ், அவர் மனைவி, கடை மேனேஜர் சாமுவேல், கவுண்டரில் நிற்கும் இருவர். மனைவியார் கையோடு புளியோதரை அண்டாவையும் கொண்டு வந்திருந்தார். அதைத் தூக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

"எட்டுப் பேருக்கு இவ்வளவா அம்மா?"

"கடல்ல பசிக்கும்லா?" என்றார். அண்டா வேறு எங்கும் நிற்காததால், கீழ் அறைக்கு இறங்கும் படிவாயிலில் அதை இறக்கி வைத்தோம். இன்ஜின் பேட்டரி சுவிட்ச் அந்தப் படிக்குக் கீழே இருக்கிறது. என் பதினேழு விதிகளில் ஒன்பதாவது, அந்தப் படிவாயில் எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பது.

பெரிய முதலாளி லைஃப் ஜாக்கெட்டை வெள்ளை வேட்டிக்கு மேலே மாட்டிக்கொண்டு பாய்மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஏல ஜெபா, இது எத்தன மூட்ட தாங்கும்?"

"மூட்ட ஏத்த மாட்டோம்ணே."

"அப்பொறம் எதுக்குல?"

ஜெபராஜ் என்னைப் பார்த்தார். நான் பயிற்சியைத் தொடங்கினேன்.

படகைத் துறையில் கட்டிவைத்தபடியே விளக்கினேன். காற்றை எதிர்த்து நேராகப் போக முடியாது; வளைந்து வளைந்துதான் போக வேண்டும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் முன்பாயின் ஒரு பக்கக் கயிற்றை விட்டு, மறுபக்கக் கயிற்றை இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றுக்கு ஷீட் என்று பெயர். அது வின்ச் என்னும் உருளையில் மூன்று சுற்றுச் சுற்றியிருக்கும். "இதெல்லாம் நமக்குப் புதுசில்ல. பதினாலு வயசுல குடோன்ல மூட்ட கெட்டுனவன் நான்" என்றார் பெரிய முதலாளி. பிறகு நான்காவது விதியைச் சொன்னேன். துறைமுகத்தில் நானே கொண்டுவந்த விதி. உத்தரவு கேட்டவுடன், கேட்டது புரிந்தது என்பதற்கு அடையாளமாக, அதை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"வலது ஷீட்டை விடு!" என்றேன்.

"வலது ஷீட்டை விடு!" என்றார் பெரிய முதலாளி.

"வலது ஷீட்டை விடு!" என்றார் சாமுவேல்.

"வலது ஷீட்டை விடு!" என்றார்கள் கவுண்டர்காரர்கள் இருவரும், ஒருவர் பின் ஒருவராக, ஒரே சுருதியில். கடைசியில் நின்ற தேசிங்கு கயிற்றை அவிழ்த்தான்.

எனக்குக் கண் கலங்கியது. மூரிங் கேங்கில் இந்த ஒழுங்கைக் கொண்டுவர எனக்குப் பதினொரு வருடமும் மூன்று சஸ்பென்ஷனும் ஆயின. பத்து முறை ஒத்திகை பார்த்தோம். பத்து முறையும் பிசிறில்லை.

"இன்னா சாரே, கோரஸ் பாட வந்துகீறாங்களா?" என்று தேசிங்கு காதருகே கேட்டான். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

3. ஒத்திகைக்குப் பின்

வடகிழக்குக் காற்று சீராக இருந்தது. திருவொற்றியூர் தாண்டி எர்ணாவூர் நேரே வந்தபோது ஜெபராஜுக்கு வயிற்றைப் புரட்டியது. முன்பக்கம் போய்க் குனிந்தார். அவர் கடலுக்குள் போய்விடாமல் தேசிங்கு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான். திரும்ப வேண்டிய இடம் வந்தது. சுக்கானைத் திருப்பி, உத்தரவிட்டேன்.

"வலது ஷீட்டை விடு!"

நான்கு குரல்களும் வரிசையாக, அருமையாக ஒலித்தன. கயிறு அசையவில்லை.

இந்தத் தவறுக்குக் கடலில் ஒரு தனிப் பலன் உண்டு. முன்பாய் எதிர்ப்பக்கமாகக் காற்று வாங்கி, படகு அப்படியே நின்றுவிடும். ஆட்டம் அடங்கிவிடும். பழைய மாலுமிகள் ஓய்வெடுக்க வேண்டுமென்றே இப்படிச் செய்வார்கள்.

"சாப்பாட்டுக்கு நிப்பாட்டிட்டாவ," என்று பெரிய முதலாளி முதல் முறையாகச் சிரித்தார். "நல்ல ஏற்பாடு."

வாழை இலை விரிந்தது. முன்பக்கத்திலிருந்து ஜெபராஜ், வெளிறிய முகத்தோடு, எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். படகு பிழைத்துவிட்டது என்று நினைத்துவிட்டார், பாவம்.

நின்ற படகு சும்மா நிற்காது. காற்று போகும் பக்கம் மெல்ல நகரும். அந்தப் பக்கம் ஒரு நிலக்கரிக் கப்பல் நங்கூரமிட்டிருந்தது. அதன் துரு முதலில் ஒரு நிறமாகத் தெரிந்தது. பிறகு தனித்தனித் திட்டுகளாகத் தெரிய ஆரம்பித்தது.

இன்ஜினைப் போட அண்டாவைத் தாண்ட வேண்டும். கயிறு எனக்கு எட்டாது. நடுவில் ஐந்து பேரும் ஐந்து இலைகளும். சுக்கானை விட்டால் படகு எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

"வலது ஷீட்டை விடு!"

வாயில் புளியோதரையோடு நால்வரும் திருப்பிச் சொன்னார்கள். சொல்லும்போது ஒவ்வொருவரும் தலையைத் திருப்பித் தனக்குப் பின்னால் இருப்பவரைப் பார்த்தார்கள். கடைசி ஆள் என்னைப் பார்த்தார். நான் பின்னால் பார்த்தேன். வங்காள விரிகுடா இருந்தது.

"சாமுவேல், ஏன் எல்லாரும் பின்னாலேயே பார்க்கிறீர்கள்?"

"கடையில அப்படித்தான் சார். கல்லாவுல இருந்து மொதலாளி சரக்கு சொல்லுவாங்க. நாங்க ஒவ்வொருத்தரா பின்னாடி சொல்லிவிடுவோம். கடைசில குடோன் ஆளு பிச்சையான்னு ஒருத்தர், அவர்தான் எடுத்துப் போடுவாரு."

"பிச்சையா எங்கே?"

"கடையில சார். வேலைக்கு ஆள் வேணும்ல?"

வேலை செய்கிற ஒரே ஆளைக் கரையில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஒத்திகையில் தேசிங்கு கடைசியில் நின்றதால் எனக்கு அது தெரியவில்லை. கப்பலின் மேல்தளத்தில் ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, செல்போனை எடுத்து எங்களைப் படம் பிடிக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் முன்பக்கத்திலிருந்து, ஒரு கையில் ஜெபராஜின் பெல்ட்டோடு, தேசிங்கு கத்தினான்.

"யோவ் பெர்சு! குடோன்ல மூட்ட கட்னேன்னு சொன்னியே! இன்னிக்கு நீதான் குடோனு! எந்திரி, அவுறு அந்தக் கயித்த!"

அந்த மனிதரிடம் நாற்பது வருடமாக யாரும் எந்திரி என்று சொன்னதில்லை. ஜெபராஜ் கண்களை மூடிக்கொண்டார். பாண்டிச்சேரிக்காரர் படகை ஓட்டிக்கொண்டு போவது அந்த இமைகளுக்குள் தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய முதலாளி இலையை மடித்தார். வேட்டியைத் தூக்கிக் கட்டினார். வின்ச்சின் முன் உட்கார்ந்து மூன்று சுற்றையும் நான் சொல்லிக்கொடுத்ததைவிடச் சுத்தமாக உருவி எறிந்தார். பாய் படபடவென்று அடித்தது.

"வாயப் பாக்கியே, சாமுவேலு! அந்தப் பக்கம் இழுல! ஏல பின்னால இருக்கவனே, நீ அவன் இடுப்பப் புடி!"

பேர் சொல்லிக் கூப்பிட்டதும் சாமுவேல் பாய்ந்தார். பாய் காற்றை வாங்கியது. படகு நகர்ந்து கப்பலின் நங்கூரச் சங்கிலிக்கு முன்னால் போனது. எவ்வளவு தூரத்தில் என்று நான் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை.

4. திருத்தம்

திரும்பி வரும் வழியெல்லாம் பெரிய முதலாளி வலது வின்ச்சை விட்டு எழுந்திருக்கவில்லை. ராயபுரத்தில் கட்டியதும் தேசிங்கின் அருகே போய் நின்றார். ஜெபராஜ் நடுவில் பாயத் தயாரானார்.

"ஒனக்கு எந்த ஊருவே?"

"காத்திவாக்கம். கோச்சிக்காத நைனா, கப்பல் கிட்ட வந்துட்ச்சு."

"நல்ல தொண்டவே ஒனக்கு." பிறகு தம்பி பக்கம் திரும்பினார். "பாண்டிச்சேரிக்காரன்ட்ட இல்லன்னு சொல்லிரு. ஆனா அந்த வலது பக்கக் கயிறு எனக்கு. வேற எவனும் தொடப்படாது."

அன்றிரவு நான்காவது விதியைத் திருத்தினேன். உத்தரவுக்கு முன்னால் பெயர் சொல்ல வேண்டும். பெயருக்குரியவர் மட்டுமே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவரே செய்ய வேண்டும். முப்பத்தொரு வருடம் நான் எழுதிய செயல்முறைகளில் எத்தனையை எல்லாரும் திருப்பிச் சொல்லிவிட்டு, பெயர் தெரியாத ஒரு பிச்சையா மட்டும் செய்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் யோசித்தேன். விருந்தினரைப் பழக்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் அவர்கள் இடத்தில் வேலையை யார் முடிக்கிறார் என்று கேளுங்கள். அவரையும் அழைத்து வரச் சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிறு பிச்சையா வந்தார். அறுபது வயது, மண்வெட்டி போன்ற கைகள். திரும்பும் நேரம் பெரிய முதலாளியின் பெயரைச் சொல்லி உத்தரவிட்டேன். பழக்கத்தில் பிச்சையா கயிற்றை நோக்கி எழுந்தார்.

"நீ இருவே," என்றார் பெரிய முதலாளி, வேட்டியை மடித்துக்கொண்டே. "நீ சும்மா சொல்லு, போதும்."

பிச்சையா உட்கார்ந்தார். கால் மேல் கால் போட்டுக்கொண்டார். பிறகு, எண்ணூர் புகைபோக்கிகள் வரை கேட்கும்படி, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"வலது ஷீட்டை விடு!"

விதிப்படி அவர் சொல்லக்கூடாது. நான் திருத்தவில்லை.