அவர் கழுத்துக்கு ஒரு சைக்கிள்

என் வீட்டுக்காரர் சாமி முன்னால் விழுந்து கும்பிடுவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முன்பெல்லாம் குளித்துத் திருநீறு பூசியதும் நெடுஞ்சாண்கிடையாக விழுவார். கைக்கடிகாரம் தரையில் தட்டும் சத்தம் அடுக்களையில் எனக்குக் கேட்கும். இப்போது சுவரில் ஒரு கையை ஊன்றிப் பாதி குனிவார், அப்படியே நிமிர்ந்துவிடுவார். நான் பார்க்காத மாதிரி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் மூச்சு விடக் கூடாது என்று சொல்லிவிட்டார். வலது கையில் கடைசி இரண்டு விரலும் மரத்துப் போவதால் காபி டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். தலையணையை எடுத்துப் போட்டுவிட்டுத் துண்டைச் சுருட்டி வைத்துப் படுத்தார். இதையெல்லாம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பது ஒரு தனி வேலை. சமையல், துணி, விளக்கு ஏற்றுவது, அதோடு இதுவும் என்று ஆகிவிட்டது. சாயங்காலம் ஆனால் எனக்கு உடம்பைவிட வாய்தான் அசந்துபோகும், பேசாமல் இருந்தே.

நான் பத்தாவதோடு நின்றவள். சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனாலும் ஒரு சைக்கிள் ஃப்ரேமைப் பற்றி ராத்திரி பகலாகக் கவலைப்பட்டிருக்கிறேன்.

ரயில்வே ஆபீசிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிய பிறகு அவருக்கு நாளில் ஒரு மணி நேரம்தான் நல்ல நேரம். நாங்கள் இருப்பது வங்காளத்தில், டாக்குரியா என்ற இடம். விடிந்ததும் எங்கள் தெருவைச் சேர்ந்த மூன்று வங்காளிகளோடு சைக்கிளில் கிளம்புவார். ஏரியைச் சுற்றி, அப்படியே ஜாதவ்பூர் வரை போய், வழியில் மண் குவளையில் டீ குடித்துவிட்டு வருவார்கள். அவர்கள் சைக்கிள்கள் ஆட்டுக்கொம்பு மாதிரி கைப்பிடி வளைந்தவை, ஒரு கையால் தூக்கிவிடலாம். இவருடையது ஆபீசுக்குப் போய்வந்த பழைய இரும்புச் சைக்கிள். எப்போதும் கடைசியாகத்தான் வருவாராம். ஆனாலும் திரும்பி வரும்போது முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். மீதி நாள் முழுக்க ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பதற்கு அந்தத் தெளிவுதான் கைமுதல்.

அவருக்கு அறுபது நெருங்கியது. கோயிலில் மணவறை போட்டு அறுபதாம் கல்யாணம் என்று பேச்சு வந்தபோது, அப்பாவுக்கு நல்ல ரேஸ் சைக்கிள் ஒன்று வாங்கித் தருகிறேன் என்று மகன் சொன்னான். அவனும் அங்கே ஓட்டுகிறவன். விலையைக் கேட்கக் கூடாது என்றான், கேட்கவில்லை. இங்கே ஒரு கடை மூலமாக ஃப்ரேமை வரவழைக்க வேண்டும், சொல்லிவிட்டால் மாற்ற முடியாதாம். அதனால் இரண்டு விஷயம் முதலிலேயே தெரிய வேண்டும். ஒன்று அளவு. செருப்புக்கு நம்பர் இருப்பது போல இதற்கும் உண்டு, அவர் உயரத்துக்கு ஐம்பத்திரண்டோ ஐம்பத்துநான்கோ. இன்னொன்று வகை. ஒரு வகையில் முன்பக்கம் தாழ்ந்திருக்கும், ஆள் அதன்மேல் கவிழ்ந்து படுத்த மாதிரி போக வேண்டும். இன்னொன்றில் முன்பக்கம் கொஞ்சம் தூக்கியிருக்கும், ஓரளவு நிமிர்ந்து போகலாம்.

மகன் தாழ்ந்ததுதான் அழகு என்றான். இவரும் அதுதான் என்றார். அந்த மூன்று பேரும் ஓட்டுவது அதுதானே.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அது வந்தால் இவர் வலியைச் சொல்ல மாட்டார். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார். அப்புறம் அது சுவரில் தொங்கும். பிள்ளை ஆசையாகக் கொடுத்ததை விட்டுவிட்டுப் பழைய சைக்கிளில் ஏறவும் மனசு வராது. அந்த ஒரு மணி நேரமும் சுவரோடு போய்விடும். என் பயமெல்லாம் அதுதான்.

முதலில் வீட்டிலேயே அளவெடுக்கப் பார்த்தோம். மகன் வீடியோவில் வந்தான். அப்பா சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும், கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை இரண்டு காலுக்கும் நடுவே வைத்து மேலே அழுத்த வேண்டும், தரையிலிருந்து அதுவரை அளக்க வேண்டும் என்றான். எங்கள் வீட்டில் கெட்டி அட்டை போட்டதெல்லாம் ஓதுகிற புத்தகம். கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாங்கள். மாடியில் இருக்கும் வயதான வங்காளி அம்மாவை மாஷிமா என்று கூப்பிடுவோம், பெரியம்மா மாதிரி. அவரிடம் தலையணை பருமனுக்குப் புத்தகங்கள் உண்டு, போய்க் கேட்டேன். எடுத்துக் கொடுக்க வந்தவர், எதற்கு என்று தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். அறுபது வயசில் உன் வீட்டுக்காரருக்குச் சரஸ்வதி அங்கேதான் வேண்டுமா என்று கேட்டார்.

கடைசியில் மகனுடைய பழைய பரீட்சை அட்டையைப் பரணிலிருந்து எடுத்தோம். மூன்று தரம் அளந்தோம், மூன்று கணக்கு வந்தது. போனில் பிள்ளை பார்க்கிறான் என்று இவர் வேட்டியை மடித்துக் கட்டக்கூடச் சம்மதிக்கவில்லை. மகன் சிரித்துவிட்டு, கடைக்கே போங்கள், அங்கே உடம்பை அளந்து பார்த்துச் சொல்லுகிற ஆள் இருக்கிறார் என்றான்.

கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. அளவெடுப்பவருக்கு ஐம்பது வயது இருக்கும். சின்ன வயதில் பந்தயம் ஓட்டியவராம், இப்போது ஒரு முழங்கால் மடங்காது. இவரை அண்ணன் என்ற அர்த்தத்தில் தாதா என்றார். என்னைப் பௌதி, அதாவது அண்ணி, என்றார். மேஜைக்கு மேலே காளி படம், அதற்குச் செம்பருத்தி வைத்திருந்தது. எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான், கைகூப்பினேன்.

அவர் பொறுமையாக அளந்தார். கால் நீளம், கை நீளம், தோள் அகலம். சக்கரம் இல்லாமல் நட்டு வைத்திருந்த ஒரு சைக்கிளில் இவரை ஏற்றினார். பேச்சு முழுக்க வங்காளியில். முப்பது வருஷத்தில் எனக்கும் அது பழகியிருந்தது. முதுகு எப்படி, குனிய முடியுமா, கழுத்தில் ஏதாவது உண்டா என்று கேட்டார்.

“எனக்கென்ன? தினமும் சாமி முன்னால் முழுசாக விழுந்து கும்பிடுகிறவன் நான்” என்றார் இவர்.

அந்த மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. காளி படத்தைப் பார்த்து நெற்றியைத் தொட்டுக்கொண்டார். இதைவிட வேறு சோதனை வேண்டாம் என்றார். குப்புறக் கிடந்து தலையைத் தூக்கிச் சாமி முகத்தைப் பார்க்க முடிகிறவருக்குத் தாழ்ந்த ஃப்ரேம் ஒன்றும் செய்யாதாம், இரண்டும் ஒரே கிடைதானாம். பென்சிலை எடுத்துக் காகிதத்தில் எழுத ஆரம்பித்தார். ஐம்பத்திரண்டு, தாழ்ந்த வகை.

பொய் சொல்வது ஒன்று. சாமி கும்பிடுவதைப் பற்றி, சாமி படத்துக்கு முன்னாலேயே பொய் சொல்வது வேறு. கல்யாணமான நாளிலிருந்து வேற்றாள் முன்னால் இவர் பேச்சை நான் மறுத்ததில்லை. முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, தமிழில் சொன்னேன்.

“வருசம் ஒண்ணாச்சு.”

இவர் என்னைப் பார்க்கவில்லை. கைப்பிடியையே பார்த்துக்கொண்டு, “ஏட்டி, சும்மா இரி” என்றார்.

“வருசம் பூரா சும்மாதான இருந்தேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படத் தெம்பு இல்லை. எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, பௌதி என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நேரமாகிவிட்டது என்கிறாள், கலர் என்ன என்று கேட்கிறாள் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு என்ன தெரியப்போகிறது? நான் இன்னொரு தரம் வாயைத் திறந்திருக்க மாட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. வெளியே ஒரு ஆட்டோக்காரர் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நான் விழுந்து கும்பிட்டு ஒரு வருஷம் ஆகிறதாம்” என்றார் வங்காளியில். அப்புறம், “ஆகிறது. கழுத்து விடவில்லை” என்றார்.

அந்த மனிதர் அச்சச்சோ என்று சொல்லவில்லை. ரப்பரை எடுத்து எழுதியதை அழித்தார். எந்தெந்த விரல் மரத்துப்போகிறது என்று, தெரிந்தவர் போலக் கேட்டார். இவரும் சொன்னார். அப்புறம் அந்த மனிதர் கைப்பிடியை விரல்கடை விரல்கடையாக உயர்த்திக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தரமும் எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். நான்காவது தரமோ ஐந்தாவது தரமோ இவர் நெற்றிச் சுருக்கம் போய்விட்டது. நான்தான் முதலில் பார்த்தேன்.

சின்ன ஃப்ரேம் எடுத்தால் சீட்டை உயர்த்த வேண்டிவரும், கைப்பிடி கீழேயே நின்றுவிடும், தலையை அண்ணாந்துகொண்டே போக வேண்டும் என்றார் அளவெடுப்பவர். அதனால் ஐம்பத்துநான்கு, முன்பக்கம் தூக்கிய வகை, கைப்பிடி எட்டாமல் போகாதபடி அதைத் தாங்கும் துண்டு மட்டும் சின்னதாக. எனக்கும் ஒருமுறை விளக்கிச் சொன்னார். தன் மடங்காத காலைத் தட்டிக் காட்டி, இதைப் பத்து வருஷம் நானும் யாரிடமும் சொல்லவில்லை தாதா என்றார்.

ஆட்டோவில் திரும்பினோம். டாக்குரியா பாலம் தாண்டும்போது, “கலர் மட்டும் நான் சொல்லுதேன்” என்றார் இவர்.

“சொல்லுங்க” என்றேன்.

அன்றைக்கே மகனிடம் பேசினார். அது வயசானவங்க ஓட்டுறதுப்பா என்று அவன் குறைப்பட்டான். “எனக்கு அறுபதுல்லா” என்றார். கழுத்தைப் பற்றிச் சொல்லவில்லை. நானும் விட்டுவிட்டேன். அதை அவர்தான் சொல்ல வேண்டும், என் பாரம் கடையோடு இறங்கிவிட்டது.

சைக்கிள் அறுபதாம் கல்யாணம் முடிந்து இருபது நாள் கழித்து வந்தது. கரும்பச்சை. சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். அந்தச் சன்னமான டயரில் பழம் நசுங்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. மாஷிமா மாடியிலிருந்து பார்த்துச் சிரித்தார். மூன்றாவது தரம்தான் நசுங்கியது. இப்போதும் அந்த நாலு பேரில் இவர்தான் கடைசியாம். மற்றவர்கள் இவரை ராஜா என்று கேலி செய்கிறார்களாம், நிமிர்ந்து உட்கார்ந்து வருகிறார் என்று. சொல்லிச் சிரிக்கிறார். கழுத்து வலி போகவில்லை, கூடவும் இல்லை.

காலையில் சாமி முன்னால் இப்போது சுவரைப் பிடித்துப் பாதி குனிவதில்லை. நேராக நின்று கைகூப்புகிறார். அவருக்கும் சேர்த்து நானே விழுந்து கும்பிடுகிறேன். பெண்கள் நாங்கள் மண்டியிட்டு விழுவதுதானே, ஆனாலும் எழுந்திருக்க எனக்கும் நேரமாகிறது. அவர் அவசரப்படாமல் பக்கத்திலேயே நிற்கிறார். “மெதுவா, மெதுவா” என்கிறார்.