தபசு காலத்தில் ஒரு பாதிப் பிளா

தபசு காலம் பிறந்தாப் போதும், எங்கட சனத்துக்கு வாய் ஊறத் தொடங்கிவிடும். "றஞ்சிதம், அந்த அருளப்புக்கு என்ன விசரோ?" எண்டு என்னட்டத்தான் வந்து கேக்குங்கள். மற்ற மாதமெல்லாம் கள்ளை மணந்தும் பாக்காத மனிசன், விபூதிப் புதன் அண்டைக்குக் கோயில்ல சாம்பல் பூசிக்கொண்டு நேர கள்ளுத் தவறணைக்குப் போறான். ஊர் ஆம்பிளையள் முழுக்கக் குடியை விட்டிட்டு நல்லபிள்ளை வேஷம் போடுற காலத்தில இவன் மட்டும் அங்க போய்க் குந்திக்கொண்டிருக்கிறான். பங்குச் சுவாமியிட்டயும் ஆரோ போய் வத்தி வைச்சாச்சு.

எனக்குப் பத்திக்கொண்டு வரும். கதைக்கிற ஆக்களில ஒருத்தராவது அவனிட்டக் கேட்டவையோ? கேக்கமாட்டினம். கேட்டா அவன் மறுமொழி சொல்லிப்போடுவான், பிறகு கதைக்க என்ன இருக்கு? அதால நானே சொல்லுறன். எல்லாம் என்ர கண்ணுக்கு முன்னால நடந்தது.

நான் தவறணை வேலியோட அடுப்பு வைச்சிருக்கிறன். பொரிச்ச மீன், கணவாய்ப் பிரட்டல், அவிச்ச மரவள்ளி. என்ர மனிசன் கண்மூடின நாளிலயிருந்து இதுதான் பிழைப்பு. தவறணை ஒண்டும் மாளிகையில்லை. தலைமன்னார் றோட்டால கடல் பக்கம் இறங்கினா பனங்கூடலுக்குள்ள ஒரு ஓலைக்கொட்டில். கீழ வெள்ளை மணல், சுத்திவர இருக்கிறதுக்கு மர வாங்கு. வெளியில வெயில் கொளுத்தினாலும் உள்ளுக்குப் போனாக் குளிர்மை. கடலால வந்தவன், வயலால வந்தவன், லொறிக்காரன் எல்லாரும் முழங்கால் முட்ட இருந்து ஒரே கத்தல், ஒரே சிரிப்பு. அந்தச் சத்தத்துக்காகவே சிலர் வருவினம். கள்ளு அண்டண்டைக்கு இறக்கிறது. விடிஞ்சாப் புளிச்சுப்போகும்.

இப்ப எல்லாரும் பிளாஸ்ரிக் கோப்பையிலதான் குடிக்கினம். ஆனாலும் மனேச்சர் ஜெகதீபன் விருப்பமான ஆக்களுக்கெண்டு பிளா கட்டி வைச்சிருப்பார். பனையோலையை மடிச்சுக் கட்டுறதுதான் பிளா. அதில ஒரு கரைச்சல், கள்ளோட கீழ வைக்கேலாது. வைச்சாச் சரிஞ்சு ஊத்துப்படும். குடிச்சு முடியுமட்டும் கையில ஏந்திக்கொண்டுதான் இருக்கவேணும்.

தவறணையில ஒரு வழக்கம் இருக்கு. அங்க வைச்சுக் கொழுவினவை அங்க வைச்சுத்தான் ராசியாகவேணும். ஒருத்தன் பிளாவில பாதியைக் குடிச்சிட்டு மிச்சத்தை மற்றவன்ர கையில குடுப்பான். அவன் அதை வாங்கிக் குடிச்சிட்டானெண்டாக் கதை முடிஞ்சுது. பிறகு ஒருத்தரும் அந்தக் கதையை எடுக்கக்கூடாது. விதானையும் தேவையில்லை, பொலிசும் தேவையில்லை. மனிசிமாருக்குத் தெரியமுதலே எத்தினை சண்டை அங்க தீர்ந்திருக்குது!

அருளப்புவும் பத்திநாதனும் ஒண்டா முதல்நன்மை வாங்கின பெடியள். தொண்ணூறில சண்டை மூண்டநேரம் பத்திநாதன்ர குடும்பம் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனது. போற வழியில அவன்ர கடைசித் தங்கச்சி காய்ச்சலில செத்து, பிள்ளையைக் கடல்லதான் விட்டவை. அங்க மண்டபம் அகதிக் காம்பிலயே வளந்து, சிசிலியாவைக் கட்டி, சண்டை முடிஞ்சாப்பிறகுதான் திரும்பி வந்தவன். அருளப்பு இங்கயே கிடந்து எல்லாத்தையும் பட்டவன். மற்றவன் வந்து இறங்கின கிழமையே கூட்டிக்கொண்டுபோய்த் தன்ர போட்டில ஏத்தினான். அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் ஒரே கடல், ஒரே வாங்கு. பகிடி எண்டாப் பகிடி, காது குடுத்துக் கேக்கேலாது. "இந்தியாக்காரன் வாறான், விலகி இருங்கோடா" எண்டு இவன் தொடங்கினா, "இங்க கிடந்து இவன் மூளை உப்பிப்போச்சு" எண்டு அவன் முடிப்பான். நான் வேலிக்கு இஞ்சால நிண்டு மீனைக் கருக விட்டுச் சிரிச்சிருக்கிறன்.

பிறகு அந்தப் பாழாப்போன இருபத்திரண்டாம் வருஷம் வந்துது. மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை, போட்டெல்லாம் கரையில. விபூதிப் புதனுக்கு முதல்நாள் பின்னேரம் தவறணை நிரம்பி வழிஞ்சுது. அடுத்த நாளிலயிருந்து குடிக்கேலாதெல்லோ, அதால அண்டைக்கு ஆளுக்காள் கொஞ்சம் கூடத்தான். பத்திநாதன் பிளாவைக் கையில வைச்சுக்கொண்டு, "இப்பிடியே போனா நான் திரும்பவும் அங்காலதான் போகவேணும்போல கிடக்கு மச்சான்" எண்டான்.

அருளப்புவுக்கு அது நெஞ்சில குத்தியிருக்கவேணும். போகாதையடா எண்டு சொல்லத் தெரியாத மூதேவி, வாயைத் திறந்து என்ன சொன்னான் தெரியுமோ? "உனக்கு ஓடத்தானேடா தெரியும். அண்டைக்கும் நாங்கள் இங்க கிடந்து செத்தம், நீ ஓடினாய்."

குடிவெறியில நாலு பேர் சிரிச்சாங்கள். பத்திநாதன் சிரிக்கேல்ல. "ஓடேக்க நான் ஆரைக் கடல்ல விட்டனான் எண்டு உனக்குத் தெரியும்தானே" எண்டு மெதுவாக் கேட்டான். பிறகு பிளாவில இருந்ததை மணலில ஊத்திப்போட்டு எழும்பிப் போனான். அருளப்புவுக்கு அந்த இடத்திலயே வெறி முறிஞ்சுபோச்சு. முகம் செத்துப்போய் இருந்தான்.

அடுத்த நாள் தபசு காலம். அந்த வருஷம் அருளப்பு சும்மா குடியை விடேல்ல. இலுப்பைக்கடவையில கட்டிக்குடுத்த மகளுக்கு முதல் பிள்ளை வயித்திலயே தவறி, அப்பதான் ரெண்டாவது தங்கியிருந்தது. உயிர்த்த ஞாயிறுப் பாஸ்கு வருமட்டும் ஒரு துளி கள்ளும் நாக்கில படாதெண்டு மடு மாதாவுக்கு நேர்த்தி வைச்சிட்டான்.

"டேய், வீட்டை போய் அவனோட கதையன்டா" எண்டு நான் பேசினனான்.

"பத்துப் பேருக்கு முன்னால சொன்ன சொல்லக்கா. அவன்ர குசினிக்குள்ள போய் இரகசியமாத் திருப்பி எடுக்கிறதோ? பாஸ்கு அண்டைக்கு அதே பத்துப் பேருக்கு முன்னால பிளா குடுக்கிறன்."

அவன் சொன்னதிலயும் ஞாயம் இருக்கு, இல்லையெண்டு சொல்லமாட்டன். கோயில்ல சமாதானம் சொல்லுற நேரத்தில இவன் திரும்பித் திரும்பிப் பாப்பான். கொரோனாவுக்குப் பிறகு கை குடுக்கிறதையும் விட்டாச்சு, கும்பிடு போடுறதுதான். பத்திநாதன் கடைசி வரிசையில தலையைக் குனிஞ்சுகொண்டு நிப்பான். பிறகு அவன் நானாட்டானுக்கு நெல்லு வெட்டுக் கூலிக்குப் போய்ட்டான், கோயிலிலயும் காணேல்ல.

குருத்தோலை ஞாயிறு முடிஞ்சு அடுத்த நாள் பின்னேரம், பத்திநாதன் தவறணைக்கு வந்தான். வயல் வெயிலில காஞ்சு கறுத்துப் பாதியாய்ப் போயிருந்தான். உள்ளுக்கு ஒரு குருவி இல்லை. "அருளப்பு வாறேல்லையோ அக்கா?" எண்டு கேட்டான்.

"தபசு காலத்தில அவன் எப்ப வந்தவன்? உனக்குத் தெரியாதே?"

றோட்டை ஒருக்கா எட்டிப் பாத்தான். பிறகு ஒரு பிளா வாங்கி, நிண்ட நிலையில பாதியைக் குடிச்சிட்டு, மிச்சத்தை என்ர கையில கொண்டுவந்து தந்தான்.

"இதை அவன்ர கையில குடுங்கோ அக்கா. நான் குடிச்ச மிச்சம் எண்டு சொல்லுங்கோ."

"பிழை விட்டவன் அவன். நீ ஏன்டா முதல்ல குடுக்கிறாய்?"

"ஆர் முதல் எண்டு பாத்துக்கொண்டிருக்க நேரமில்லை அக்கா" எண்டான். வேலை சோலியாக்கும் எண்டு நான் நினைச்சன்.

அடுப்பை ஜெகதீபனைப் பாக்கச் சொல்லிப்போட்டு, அந்தப் பிளாவை ரெண்டு கையாலயும் ஏந்திக்கொண்டு கடற்கரை ஒழுங்கையால நடந்தன். ஒரு துளி சிந்தேல்ல. அருளப்பு முத்தத்தில இருந்து கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்ன உடன வலை கையால நழுவிப்போச்சு. எழும்பி வந்து பிளாவை வாங்கினான். கண் நிறைஞ்சுபோச்சு அவனுக்கு. வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனான். கொண்டுபோனவன், அப்பிடியே நிண்டான்.

"நேர்ந்திட்டன் அக்கா" எண்டான். "பிள்ளைக்கு ஏதும் நடந்தா நான் என்ன செய்வன்? பாஸ்குக்கு இன்னும் என்ன கிடக்கு, இந்தக் கிழமைதானே. முழுப்பிளாவாக் குடிப்பம் எண்டு அவனுக்குச் சொல்லுங்கோ."

பிளாவைத் திருப்பி என்ர கையில தந்திட்டான். நானும் கொண்டுவந்தன். பத்திநாதன் அங்க இல்லை. விடிஞ்சாப் புளிக்கிற சாமானை வைச்சு என்ன செய்யிறது? என்ர வளவில, கோழிக்கூட்டுப் பக்கம் ஊத்திப்போட்டன்.

அடுத்த நாள் பத்திநாதனை றோட்டில கண்டு சொன்னன். "பாஸ்குக்கோ?" எண்டு கேட்டுச் சிரிச்சான். "நேர்த்தி எண்டா நேர்த்திதானே அக்கா. அவன் ஓடாமல் நிக்கிறவன், நிக்கட்டும்." அவ்வளவுதான் சொன்னான். அங்கால போக வள்ளத்துக்குப் பேசியாச்சு எண்டு அவன் எப்பிடிச் சொல்லுவான்? நேவிக்குக் காத்துவாக்கில போனாலும் காரியம் கெட்டுப்போகும். மனிசிக்கே கடைசி நாள்தான் சொன்னவனாம்.

பாஸ்கு அண்டைக்குப் பூசை முடிய அருளப்பு மடிச்சுத் தேய்ச்ச சேட்டோட தவறணைக்கு வந்தான். ஜெகதீபனிட்டச் சொல்லி நல்ல மரத்துக் கள்ளு எடுப்பிச்சு வைச்சிருந்தான். அண்டைக்குச் சிரிச்ச அந்த ஆக்களையும் பிடிச்சுக்கொண்டு வந்து வாங்கில இருத்தினான். "நான் போய் அவனைக் கூட்டிக்கொண்டு வாறன், ஒருத்தரும் எழும்பப்படாது" எண்டு சொல்லிப்போட்டுப் போனான்.

அங்க அவன்ர வீட்டுப் படலை கம்பியால கட்டிக் கிடந்ததாம். பெரிய வெள்ளி அண்டைக்கு ஊர் முழுக்கக் கோயிலடியில நிக்கேக்க, பத்திநாதன் சிசிலியாவையும் மகள் தர்ஷிகாவையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போய்ட்டான் எண்டு பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிச்சினம். அருளப்பு திரும்பி வந்து, ஊத்தி வைச்ச பிளாவை வாங்கிக் கையில பிடிச்சுக்கொண்டு இருந்தான். குடிக்கவுமில்லை, ஊத்தவுமில்லை. ஆக்கள் ஒவ்வொருத்தரா எழும்பிப் போச்சினம்.

அடுத்த நாள் செய்தி வந்துது. வள்ளக்காரன் நடுக்கடல் மணல்திட்டில இறக்கிவிட்டு, இதுதான் இந்தியா, நடந்து போங்கோ எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பியிட்டானாம். நிழலில்லை, தண்ணியில்லை. இருந்த ஒரு போத்தலையும் பத்திநாதன் மகளுக்கும் மனிசிக்கும் குடுத்திட்டான். அங்கத்தை ஆக்கள் வந்து தூக்கிற நேரம் அவனுக்கு மூச்சு இல்லை. ஐயோ, கடல் கடந்தவனை மணல் சாகடிச்சிட்டுதே எண்டு நான் அடுப்படியில இருந்து தலையில அடிச்சு அழுதன்.

செத்தவீட்டுக்கு ஆர் போறது, எப்பிடிப் போறது? கனநாளுக்குப் பிறகு சிசிலியா காம்பில இருந்து எனக்குப் போன் எடுத்தாள். போனைச் சத்தமாப் போட்டிருந்தன், அருளப்பு பக்கத்திலதான் நிண்டான்.

"அக்கா, அந்த மணலில இருக்கேக்க இவர் சிரிச்சவர். 'அருளப்பு சொன்னது சரியப்பா, எனக்கு ஓடத்தான் தெரியும், ஒழுங்கா ஓடவும் தெரியேல்ல' எண்டவர். நான் அவரைப் பேசினன், அக்கா. சும்மா இருங்கோ எண்டு பேசினன்."

போனை நான் வைச்சாப்பிறகு அருளப்பு, "அந்தப் பாதிப் பிளாக் கள்ளை எங்க அக்கா ஊத்தினீங்கள்?" எண்டு கேட்டான். கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினன். கோழி கிண்டிக் கிடந்த மண். அதுக்குப் பக்கத்தில குந்தியிருந்து, உள்ளங்கையை மண்ணில வைச்சுக்கொண்டு, குழந்தைப்பிள்ளை மாதிரிக் குளறி அழுதான். ஆம்பிளை அழுதா அள்ளித் தூக்கவும் ஏலாது, விட்டிட்டுப் போகவும் ஏலாது. நானும் நிண்டன்.

மகளுக்கு ஆம்பிளைப்பிள்ளை பிறந்துது. கொழுகொழு எண்டு சுகமா இருக்கிறான். நேர்த்தி பலிச்சுது. அதால அவனுக்கு நேர்த்தியைத் திட்டவும் வழியில்லை. பேரனைத் தூக்கி வைச்சுக்கொண்டு சிரிப்பான், சிரிச்சுக்கொண்டிருக்கேக்கயே முகம் மாறும்.

மற்ற நாளில அவன் கள்ளு குடிக்கிறதை விட்டிட்டான். தபசு காலம் வந்தாத்தான் தவறணைக்குப் போறான். இந்த வருஷம் சுவாமியே வாசலுக்கு வந்திட்டார். "அருளப்பு, இது என்ன காலம் எண்டு தெரியும்தானே?" எண்டார்.

அருளப்பு மரியாதையா எழும்பி நிண்டான். கையில பிளா. "தெரியும் சுவாமி. மாதாவெண்டா அண்டைக்குப் பொறுத்திருப்பா. அவனுக்குத்தான் பொறுக்க நேரமிருக்கேல்ல. அதை நான் மாறி விளங்கிப்போட்டன். தபசு காலத்திலயும் ஆரும் ஆரையும் தேடி வருவினம் சுவாமி, ஒருத்தன் இருக்கத்தானே வேணும்."

சுவாமி கொஞ்சநேரம் அவனோட வாங்கில இருந்திட்டுப் போனார். இப்ப விளங்குதோ? இனி என்னட்ட வந்து விசரோ எண்டு கேட்டா, கொதிக்கிற எண்ணெய் கையில கிடக்கு, பாத்துக்கொள்ளுங்கோ.

ஒவ்வொரு பின்னேரமும் பொழுதுபட அவன் பாதியைக் குடிச்சிட்டு என்ர அடுப்படிக்கு வருவான். மிச்சத்தை என்ர கையில தந்து, "ஆரும் தேடி வந்தாக் குடுங்கோ அக்கா" எண்டு சொல்லிப்போட்டு நடப்பான்.

ஆர் வரப்போகினம்? ஆனா நான் ஓம் எண்டுதான் சொல்லுவன். கீழ வைக்கேலாதெல்லோ, அதால அடுப்பை அவிச்சு, சாமான் எல்லாம் கட்டிமுடியுமட்டும் ஒரு கையில அதைப் பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறனான்.