கருப்பருக்குக் கியாந்தி

கீரமங்கலம் ரத்தினவேல் பட்டாளத்தில் கண்ணிவெடி எடுக்கிற வேலை பார்த்தவர். உலகப்போரின்போது, நாற்பத்துநாலில் இத்தாலியின் கியாந்தி மலைப்பக்கம், ஒரு திராட்சைத் தோட்டத்தில் கண்ணிவெடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டபோது, "உசுரோட விட்டா இந்தத் தோட்டத்து ஒயினையே ஒனக்குப் படைக்கிறேன்" என்று கருப்பருக்கு நேர்ந்துகொண்டார். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. கருப்பர் குடிப்பது, அவருக்குச் சித்தப்பா முறையான சாமியாடி கண்ணுசாமியின் வாயால். அதே தோட்டத்தில் கண்ணிவெடி வெடித்துச் செத்த முத்துக்கருப்பன் அந்தக் கண்ணுசாமியின் மகன்.

சண்டை முடிந்து ஊர் வந்ததும் படையல் வைத்தார்கள். வைக்கோல் சுற்றிய ஒயின் புட்டியை ரத்தினவேல் நீட்டினார். அரிவாள் மேல் நின்றபடி ஒரு மடக்குக் குடித்த சாமி முகத்தைச் சுளித்தது. உறுமிச் சத்தம் நின்றது.

"என்னடா இது? புளிக்குது, தொவக்குது."

"சாஞ்சோவேசேன்னு கறுப்புத் திராட்சை, சாமி. அதான் தொவர்ப்பு. அதைத் தணிக்கக் கனயோலோன்னு இன்னொரு பழம் சேப்பாங்க. திரெபியானோ, மல்வாசியான்னு வெள்ளைப் பழமும் உண்டு..."

நிறுத்தினால் அடுத்த கேள்வி வந்துவிடுமே என்று பழப்பெயர்களாக அடுக்கினார். வந்தேவிட்டது. சாமியின் குரலில் அல்ல.

"ரத்தினவேலு, எம்புள்ள செத்த தோட்டத்துப் பழமாப்பா?"

"ஆமா, சித்தப்பா."

கண்ணுசாமி அரிவாளிலிருந்து இறங்கிப் புட்டியை நீட்டினார்.

"எனக்குத் தொண்டையில எறங்கல. நேந்தவன் நீதானே, மிச்சத்த நீயே குடி."